போய்வந்தவர் சொல்ல வேண்டும்

நட்சத்திரக் குறியைப் பார்த்தாலே இந்த வாரம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் மகள் திருப்பத்தூரில் படிக்கிறாள். ஞாயிறன்று புதூர்நாட்டுக்கு வந்தவள், சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் "கவுன்சலிங் போகணும்" என்றாள். "அதான் காலேஜ்ல சேந்தாச்சே?" என்றார் அண்ணி. நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்குக் கல்லூரிச் சேர்க்கை என்றுதான் பொருள். அவள் பேசாமல் எழுந்துவந்து என்னிடம் போனை நீட்டினாள். இரண்டு பெயர்கள். ஒருவரை வேலூரில் நேரில் பார்க்க வேண்டும், இன்னொருவர் வீடியோவில் பேசுவார். இருவருக்கும் கட்டணம், மற்றவர்கள் போட்ட நட்சத்திரம். "யாருகிட்ட போறது சித்தப்பா?"

பலாப்பழத்தையே தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறோம்.

கவுன்சலருக்கு ஈழத்திலும் நம் அரசு வேலை அறிவிப்புகளிலும் ஆற்றுப்படுத்துநர் என்று பெயர். ஆறு என்றால் வழி; வழிகாட்டும் பாட்டு ஆற்றுப்படை. மறுபடியும் மலைபடுகடாமா என்று பழைய வாசகர்கள் நினைப்பார்கள். ஆமாம், அதேதான். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊரான செங்கண்மா, நம் மலையடிவாரத்துச் செங்கம். அதில் வரும் சேயாறு இந்த ஜவ்வாது மலையில் பிறக்கிறது. நன்னனிடம் போய்ப் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தனை நிறுத்தி யாரிடம் போவது, எப்படிப் போவது என்று சொல்கிறான். புகழ்ச்சியோடு விடுவதில்லை. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், விடிந்த பிறகு நட. தினைப்புனம் காப்பவர் எறியும் கவண்கல் வரும், மறைந்து போ என்கிறான். போய்வந்தவனுக்குத்தான் பொறி இருக்கும் இடம் தெரியும்.

கவுன்சலிங் விஷயத்தில் நம் மலையில் அப்படி ஒரு கூத்தன் இல்லை. போய்வந்தவர்கள் வாய் திறப்பதில்லை. நானும் திறந்ததில்லை.

அன்று சொன்னேன். அப்பா போன பிறகு ஆறு மாதம் எனக்குத் தூக்கமில்லை. முதலில் பார்த்தவர் நான் பேசப் பேச எழுதிக்கொண்டே இருந்தார். மூன்று முறை போயும் அப்பா பேச்சை எடுக்க முடியவில்லை. ஆளை மாற்றினேன். அடுத்தவர், மலையில் இப்போது என்ன வெள்ளாமை என்று கேட்டார். சாமை என்றேன். அப்பா விதைத்தது என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

பொறிகளையும் சொன்னேன். பலகை யார் வேண்டுமானாலும் மாட்டலாம், என்ன படித்தவர் என்று கேள். மாத்திரை வேண்டியிருந்தால் மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். வீடியோ என்றால், சிக்னல் போய்ப் பாதி அழுகையில் அறுந்துவிடும். சரியான ஆள் கிடைக்கும்வரை ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, காசில்லை, தமிழிலேயே பேசலாம். இரண்டு மூன்று தடவை போயும் பேச வாய் வரவில்லையா, ஆளை மாற்று. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"அழுதா என்ன பண்ணுவாங்க சித்தப்பா?"

"எனக்கு, பேசாம உக்காந்திருந்தாங்க."

முறத்தின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார்.

"அப்புறம் உங்களுக்குத் தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டார்.