வன்னியின் அவசர சிகிச்சையாளருக்குச் சான்றிதழ் தருவது யார்?

இலங்கையில் இன்று 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவு வண்டி வீட்டு வாசலுக்கு வருகிறது. கட்டணம் இல்லை. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் ஆரம்பமான ‘சுவசெரிய’ சேவை, 2018 யூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற வைபவத்துடன் வடக்கிற்கும் விரிவாக்கப்பட்டது. வண்டியில் ஒரு சாரதியும் ஓர் அவசர மருத்துவ உதவியாளரும் இருப்பர். தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் ஐதராபாத் சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினர். அரச வைத்திய அதிகாரிகள் சங்கம் அன்று இத்திட்டத்தை எதிர்த்தது. பயன்பெற்ற மக்கள் அந்த எதிர்ப்பை மறந்துவிட்டனர்.

இது நல்ல சேவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இந்தத் தொழிலை ஏற்கெனவே கற்றிருந்த ஒரு தலைமுறை வன்னியில் இருந்தது. அந்தத் தலைமுறையை எவரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் மனக்குறை.

1990களில் வன்னிக்கு மருந்துப் பொருட்கள் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தைப் பலர் மறந்திருக்கலாம். ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கையால் மக்கள் இடம்பெயர்ந்து காடுகளின் ஓரங்களில் வாழ்ந்தனர். மலேரியா ஒருபுறம், பாம்புக்கடி மறுபுறம், எறிகணை எல்லாப் புறமும். வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பாடசாலையை விட்ட இளைஞரும் யுவதிகளும் சில மாதப் பயிற்சியுடன் காயத்தைக் கட்டவும், குருதிப்பெருக்கை நிறுத்தவும், சேலைன் ஏற்றவும், பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டனர். முதல்நாள் வேலையே பலருக்கு இறுதிப் பரீட்சையாக இருந்தது.

2009 இல் நிகழ்ந்தது உலகம் அறிந்தது. முந்திய ஆண்டு செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். வைத்தியர்கள் த. சத்தியமூர்த்தி, து. வரதராஜா, வீ. சண்முகராஜா போன்ற சிலரே எஞ்சினர். கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வைத்தியசாலைகள் மக்களோடு நகர்ந்தன. பெப்ரவரி முற்பகுதியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் வீழ்ந்ததைச் செஞ்சிலுவைச் சங்கமே உறுதிப்படுத்தியது. மயக்க மருந்துக்கும் குருதிக்கும் பஞ்சம். பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுசென்ற நோயாளரும் துணைக்குச் சென்றோரும் 13,000 பேருக்கு மேல். அந்தக் கரைக்கு வந்து சேரும்வரை அவர்களில் பலரை உயிருடன் வைத்திருந்தவர்கள், வைத்தியரோடு நின்ற பெயர் தெரியாத தாதியரும் தொண்டர்களுமே.

வைத்தியர்கள் மே மாதம் தடுத்து வைக்கப்பட்டனர். யூலையில் ஊடகவியலாளர் முன் நிறுத்தப்பட்டுத் தாம் முன்னர் சொன்னவற்றை மறுக்க வைக்கப்பட்டனர். ஆகஸ்டில் பிணையில் விடுவிக்கப்பட்டனர். அவர்களைப் பற்றியாவது உலகம் பேசியது. உதவியாளர்களின் கதை வேறு. புலிகளின் மருத்துவப் பிரிவில் பயின்றோருக்குப் புனர்வாழ்வு முகாம் காத்திருந்தது. கற்ற தொழிலைச் சொல்லிக்கொள்வதே ஆபத்தாயிற்று. அரச வைத்தியசாலைகளில் தொண்டர்களாக உழைத்தோர் நிரந்தர நியமனம் கோரி ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றனர். அவர்களிடம் கேட்கப்பட்டது கல்வித் தகைமைப் பத்திரம். போர் பத்திரம் கொடுப்பதில்லை.

இதனைப் பழைய கணக்கைத் தீர்க்க எழுதவில்லை. வன்னியின் இன்றைய தேவையும் இதனோடு தொடர்புடையது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 75 கிலோமீற்றர். ஏ-9 வீதியில் விபத்துச் செய்தி வராத மாதம் இல்லை. வயலில் கண்ணாடி விரியன் தீண்டினால் முல்லைத்தீவின் உட்கிராமத்தவருக்கு நேரமே எதிரி. அங்கே உதவியாளர் செய்யவேண்டியது பெரிய வித்தை அல்ல. கடிபட்ட அவயவத்தை அசையாது வைத்தல், கயிற்றால் இறுகக் கட்டுவதையும் வெட்டிக் கீறுவதையும் தடுத்தல், விஷமுறிவு மருந்துள்ள வைத்தியசாலையைத் தெரிவுசெய்து முன்கூட்டியே அறிவித்தல். இதற்குப் பயிற்சியும் வேண்டும். ஊரும் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஒழுங்கை மாரியில் வெள்ளத்தில் மூழ்கும், எந்தக் குளக்கட்டால் வண்டி போகும் என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. பதறும் தாய் சொல்வதைத் தமிழில் உடனே விளங்கிக்கொள்ளவும் வேண்டும்.

இவ்விடத்தில் வைத்தியர் சாமுவேல் கிறீனை நினைக்காமல் இருக்க முடியாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்க மிஷனரி, மறு ஆண்டே உள்ளூர் மாணவருக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரச உத்தியோகம் தேடிச் சென்றுவிடுவதையும் கிராமம் வைத்தியரின்றி நிற்பதையும் கண்டார். அதன்பின் தமிழிலேயே கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஊரவரை ஊரின் மொழியில் பயிற்றினால் அவர்கள் ஊரில் தங்குவர் என்ற அவரது கணிப்பு இன்றைக்கும் பொருந்தும். 2022 பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியரும் தாதியரும் பெருமளவில் நாட்டை விட்டுச் சென்ற வேளையில் அது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது.

எனவே மூன்று யோசனைகள். ஒன்று, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம், வைத்தியசாலைகளுடன் இணைந்து அவசர மருத்துவ உதவியாளருக்கான பாடநெறியைத் தமிழில் நடத்த வேண்டும். இரண்டு, போர்க்காலத்தில் பணியாற்றியோரின் அனுபவத்தைச் செய்முறைப் பரீட்சை மூலம் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க வேண்டும். வயது முதிர்ந்தோர் வண்டியில் ஏறத் தேவையில்லை; புதியவருக்கு ஆசிரியராகலாம். எறிகணைக்கு நடுவே பத்துப் பேரில் முதலில் யாரைத் தூக்குவது என்று தீர்மானித்தவரிடம் கற்க நிறைய உண்டு. மூன்று, இளம் உதவியாளருக்குப் பதவி உயர்வுக்கான வழி வேண்டும். இருபத்திரண்டு வயதில் ஏறிய வண்டியில் ஐம்பது வயதிலும் அதே இருக்கையில் இருப்பார் என்றால், திறமையானவர் முதல் வாய்ப்பிலேயே வெளிநாடு செல்வார். அவரைக் குறைசொல்ல எமக்கு உரிமையில்லை.

புலம்பெயர்ந்தோர் ஊருக்கு வண்டி வாங்கிக் கொடுக்க விரும்புவர், பெயர்ப்பலகையும் வைக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பயிலும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிலாகக் கொடுத்தால் பெயர்ப்பலகை இராது. ஆனால், நெடுங்கேணியில் நள்ளிரவில் வண்டி வந்து நிற்கும்போது, அதிலிருந்து இறங்குபவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.