யாருடைய நட்டம்?

வீடியோ விளையாட்டு ஆக்கும் தொழிலில் புகவேண்டுமென்று கற்பிட்டி மாணவன் கனவு காண்பதில் தவறில்லை. ஆனால் அத்தொழிலின் பழைய கணக்கேடு ஒன்றையும் அவன் புரட்டிப் பார்க்கட்டும்.

அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி, 1982 நத்தார் விற்பனையைக் குறிவைத்து, ‘ஈ.டி.’ என்ற விளையாட்டை ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் ஆக்குவித்தது. இலட்சக்கணக்கில் செய்து குவித்தது, பெரும்பகுதி விலைபோகவில்லை. 1983இல் நட்டம் 50 கோடி டொலரைத் தாண்டிற்று. தேங்கிய சரக்கில் ஒரு பகுதியை நியூ மெக்சிகோப் பாலைநிலத்தில் புதைத்தார்கள்.

மக்களுக்கு விளையாட்டுச் சலித்துவிட்டதாம்! பண்டிதர்கள் கூறும் காரணம் இது. சலித்தது யாருக்கோ, தண்டனை யாருக்கு? 1983 பெப்ரவரியில் 1700 கலிபோர்னியத் தொழிலாளரை வெளியேற்ற முடிவுசெய்து, கூலி மலிந்த ஹொங்கொங்கிற்கும் தாய்வானுக்கும் உற்பத்தியைக் கொண்டுபோனார்கள். தலைவர் ரே காசரோ, இலாபம் சரியும் செய்தி வெளிவருவதற்குச் சில நிமிடங்கள் முன்னரே தம் பங்குகளில் 5000ஐ விற்றிருந்தார். விசாரணை வந்தபோது ஆதாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். குற்றத்தை மட்டும் ஒப்பவில்லை. கண்ணியமான மனிதர்!

இது கடல் கடந்த கதையென்று தள்ளிவிடாதீர்கள், ஆசிரிய நண்பர்களே. புத்தளம் களப்போரத்தில் கண்டற்காட்டை வெட்டி இறால் குளம் தோண்டிய மூலதனம், 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபின் எத்தனை குளங்களைப் பாழாக விட்டுச் சென்றது! இறாலின் நட்டத்திற்குக் கணக்கு உண்டு. கண்டல் அழிந்ததால் மீன்குஞ்சு வளர இடமின்றி, வெறும் வலையோடு கரையேறும் களப்பு மீனவனின் நட்டத்தை எழுதிய கணக்கப்பிள்ளை யார்?