பொல்பிட்டியவின் ஒளியும் உறுமும் பெட்டியும்

பொல்பிட்டிய மின்நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. அன்றைய கொள்ளளவு 75 மெகாவாட். மலையகத்து நீர் கொழும்புக்கு ஒளியாகிப் போகிறது. மலையகத்தின் ஒதுக்குப்புற லயங்களிலோ, மாலையானதும் குளிர்சாதனப் பெட்டி உறுமிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. 'பெட்டி பழசு, புதிது வாங்குங்கள்' என்கிறார் கடைக்காரர். நண்பர்களே, இது வியாபாரம், விளக்கமன்று.

கம்ப்ரெசர் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைப் புறப்படும் கணத்தில் கேட்கும். நீண்டு மெலிந்த கம்பியில் அக்கணமே மின்னழுத்தம் சரியும். சுழற்றும் விசையோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு குறைவது: 230 வோல்ட் 161 ஆனால் விசை பாதிக்கும் கீழே. ஸ்டெபிலைசர் மாட்டச் சொல்வோரும் உளர். அது அழுத்தத்தை உயர்த்துவதற்காக அதே கம்பியிலிருந்து இன்னும் மின்னோட்டத்தை இழுக்கும். நோஞ்சான் மாட்டுக்கு மேலும் ஒரு மூட்டை!

அமெரிக்காவில் வீட்டுவண்டியோடு ஊர்சுற்றுவோர், சிறிய மின்பிறப்பாக்கியில் குளிரூட்டியைக் கிளப்ப 'சொஃப்ட் ஸ்டார்ட்டர்' பொருத்துகின்றனர். புறப்படும் கணத்து மின்னோட்டத்தை அது தணிக்கும். இன்வேர்ட்டர் வகைப் பெட்டியும் மெல்லவே புறப்படும். நல்ல கருவிகள்தாம், ஆயினும் மாலை முழுதும் தாழ்ந்து கிடக்கும் அழுத்தத்தை அவை உயர்த்தா. தவிரவும், சிறிய மின்பிறப்பாக்கி அந்த ஊர்சுற்றிகள் விரும்பித் தேர்ந்தது. தம் லயத்துக் கம்பியின் தடிப்பை எந்தத் தோட்டத் தொழிலாளி தேர்ந்தார்?

மின்மாற்றியை லயத்தருகே கொண்டுவாருங்கள், கம்பியைத் தடிப்பாக்குங்கள். மாலை ஏழு மணிக்குக் கடைசிக் காம்பராவில் வோல்ட்மானியை வைத்து அளந்துவிட்டு, பிறகு பெட்டியைக் குறை சொல்லுங்கள்.