உறையாத பால்

சித்தூர்ப் பக்கத்துப் பலமநேரிலும் புங்கனூரிலும் விடியுமுன் கேனோடு பால் நிலையத்தில் வரிசையில் நிற்கிற பெண்களுக்குக் கிடைக்கும் சீட்டில், கொழுப்பு இவ்வளவு, கொழுப்பல்லாத திடப்பொருள் இவ்வளவு, ஆகவே விலை இவ்வளவு என்று காணுமேயன்றி, முந்தாநாள் மடிநோய்க்காகக் காம்பில் ஏற்றிய பெனிசிலின் அந்தப் பாலில் இறங்கியிருக்கிறதா என்ற விஷயம் பெரும்பாலும் காணாது.

அதை அறியும் உபாயம் நம் அடுக்களையிலேயே உண்டு. காய்ச்சி ஆறிய பாலில் உறைமோர் விட்டு மூடிவைத்து, காலையில் பார்க்கையில் பால் பாலாகவே கிடந்தால், மோர் சரியில்லை என்று பாட்டி சொல்லிவிடுவாள். பல சமயம் அவள் சொல்வது வாஸ்தவம்தான், ஆயினும் பாலில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தாலும் மோரிலுள்ள நுண்ணுயிர்கள் பெருகமாட்டாமல் அதே கதிதான் நேரும்.

இந்தத் தத்துவத்தையே சாஸ்திரம் ஒரு விரலளவு குப்பிக்குள் அடக்கியிருக்கிறது. அதிலுள்ள ஊதா நிற அகாரில், கை பொறுக்காத 64 டிகிரி சூட்டில் செழிக்கும் ஜியோபாசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் உறங்குகின்றன. இரண்டு சொட்டுப் பாலை விட்டு அந்தச் சூட்டில் ஏறக்குறைய 3 மணி நேரம் வைத்தால், பால் சுத்தமாயிருக்கும் பட்சத்தில் அவை விழித்துப் பெருகி அமிலம் சுரக்க, ஊதா மஞ்சளாகிறது. மருந்து இருந்தால் ஊதா ஊதாவாகவே நிற்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 4 மைக்ரோகிராம் பெனிசிலினைக்கூட இந்தக் குப்பி காட்டிக்கொடுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளை 121 டிகிரி நீராவியில் சுத்திகரித்தது பலித்ததா என்று பார்க்கவும் இதே பாக்டீரியாவின் வித்தைத்தான் வைக்கிறார்கள். பால் நிலையத்தில் சுபச் செய்தியாகிற மஞ்சள் நிறம் அங்கே அபாய அறிவிப்பு.

தேசிய அளவில் 2018இல் சோதித்த 6,432 பால் மாதிரிகளில் 77இல்தான் ஆன்டிபயாட்டிக் வரம்பு மீறியிருந்தது. சொற்பம்தான், ஆனால் ஒரு கேன் பால் ஊர்ப் பாலோடு கலந்து டாங்கரில் ஏறிவிட்டால், பிறகு யாரைக் கேட்பது? தூரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவும் நேரமில்லை: திருப்பதி லட்டுக்கான நெய்யைப் பற்றிய சர்ச்சை எழுந்த 2024இல், திருமலையிலிருந்து மாதிரி குஜராத்தின் ஆனந்த் நகருக்குப் போய்ச் சோதனைக்கு உள்ளாயிற்று. மறுநாள் காலையில் குழந்தை குடிக்கப்போகும் பாலுக்கு அத்தனை அவகாசம் கிடையாது. மூன்று மணி நேரமும் காத்திருக்க முடியாது என்று நிலையத்தார் ஆட்சேபிக்கலாம்; குளிர்விப்புத் தொட்டியில் பால் குளிர்ந்து, டாங்கர் வந்து சேர்வதற்குள் குப்பி பதில் சொல்லிவிடும் என்பதே என் அபிப்பிராயம்.

என்றாலும், கண்டுபிடித்துத் தண்டிப்பதற்கு மட்டும் இந்தக் குப்பி பிரயோஜனப்படுமானால் அது வேண்டவே வேண்டாம். மருந்து போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாள்வரை ஊற்றாதே என்று உபதேசிப்பது சுலபம். ஒற்றை மாடு வைத்திருப்பவளுக்கு அந்தச் சில நாள் பால்தான் வீட்டுச் செலவு. மடிநோயை மறைக்காமல் சொல்லிப் பாலை நிறுத்துகிறவளுக்கு, அந்த நாட்களின் விலையைப் பால் நிறுவனங்களும் சர்க்காரும் பகிர்ந்து கொடுக்கட்டும். சித்தூர், திருப்பதி ஜில்லாக்களின் நிலையங்கள் இதைத் தொடங்கிவைக்கட்டும்.