விநாடிக்கு 400 லாரி தண்ணீர்: பேரிடர் மேலாண்மைப் படிப்பில் இதற்குப் பாடம் உண்டா?

2024 டிசம்பர் 2, அதிகாலை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. திண்டிவனம் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டித் தீர்த்துவிட்டு, மேகம் மேற்கே நகர்ந்து போயிருந்தது. அங்கே கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் சேரும் இடம் சாத்தனூர் அணை. ஊர் உறங்கும் நேரத்தில் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது.

1,68,000 கன அடி என்றால் எவ்வளவு? ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை வைத்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு விநாடிக்கும் ஏறக்குறைய 400 லாரி. சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7.3 டி.எம்.சி. மேலிருந்து ஒரு சொட்டுகூட வராவிட்டால், இந்த வேகத்தில் நிறைந்த அணையே 12 மணி நேரத்தில் காலியாகிவிடும்.

இந்தக் கணக்கை அந்த ராத்திரியில் யார் போட்டு யாருக்குச் சொல்ல வேண்டும்? விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரம் வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் ஓர் எல்லையில், தென்பெண்ணைக் கரையில் அரகண்டநல்லூர் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் திருக்கோவிலூர். ஒரே ஆறு, எதிரெதிர்க் கரை. ஆனால் 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, அக்கரைக்கு ஒரு கலெக்டர், இக்கரைக்கு ஒரு கலெக்டர். அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். ஆறு கடலைத் தொடுவது கடலூரில். மழை பெய்தது கிருஷ்ணகிரியில். ஆக, ஒரு வெள்ளத்துக்கு ஐந்து மாவட்ட நிர்வாகம்.

அன்று காலை அரசூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் தென் மாவட்ட ரயில்கள் நின்றன. முன்னறிவிப்பில்லாமல் அணையைத் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். முறைப்படி முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு. அந்தச் சண்டை சட்டமன்றம் வரை போனது.

சண்டையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று பாக்கி நிற்கிறது. ‘கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்’ என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. பாதுகாப்பான இடம் எது? எத்தனை மணிக்குள் போக வேண்டும்? மாட்டை என்ன செய்வது? பள்ளிக்கூடச் சாவி யாரிடம் இருக்கிறது? அறிக்கையில் இருக்கும் கன அடியை, ஒரு தெருவுக்குப் புரிகிற வாக்கியமாக மாற்றித் தருவது ஒரு தனி வேலை. அந்த வேலைக்கு ஆள் தயார் செய்யும் பட்டப்படிப்பு இருக்கிறதா?

சட்டம் வந்தது, பதவி வந்ததா?

2004 டிசம்பர் சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த டிசம்பரில் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ஐ நிறைவேற்றியது. டெல்லியில் தேசிய ஆணையம், மாநிலத்துக்கு முதல்வர் தலைமையில் ஓர் ஆணையம், மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைமையில் ஓர் ஆணையம் என்று அடுக்கு வந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் என்ற பயிற்சி, ஆராய்ச்சி அமைப்புக்கும் இதே சட்டத்தில் இடம் கிடைத்தது.

ஆனால் கீழே இறங்கி வந்தால், மழை நாளில் குடை பிடித்து நிற்பவர் வி.ஏ.ஓ.தான். அவர் குரூப் 4 தேர்வு எழுதி வந்தவர். அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. சாதிச் சான்றிதழ், பட்டா, அடங்கல் என்று ஆண்டு முழுக்க வேறு வேலை பார்ப்பவர் அக்டோபர் வந்ததும் பேரிடர் அதிகாரியாகவும் ஆகிவிடுகிறார். ஆர்.ஐ., தாசில்தார் கதையும் இதுவே. இவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் உண்டு. ‘ஆப்த மித்ரா’ திட்டத்தில் ஊர் இளைஞர்களுக்கு 12 நாள் பயிற்சியும் தரப்படுகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் 12 நாளில் நீச்சலும் முதலுதவியும் கற்கலாம். ஆற்றைப் படிக்க முடியாது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ‘பேரிடர் மேலாண்மைக்கு ஸ்கோப் இருக்கிறதாமே’ என்று பேச்சு எழும் வீடுகளில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. என்.டி.ஆர்.எஃப். எனப்படும் தேசியப் பேரிடர் மீட்புப் படையில் இந்தப் பட்டத்தைக் காட்டி நேரடியாகச் சேர முடியாது. அரக்கோணத்தில் இருக்கும் 4-வது பட்டாலியன் உட்பட, அந்தப் படைக்கு ஆட்கள் வருவது மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்து. முதலில் அங்கே சேர வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

இந்தியாவில் இந்தத் துறை பெரும்பாலும் முதுநிலையில்தான் இருக்கிறது. மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தில் பேரிடர் ஆய்வுகளுக்கென்றே ஜாம்ஷெட்ஜி டாடா பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இக்னோவின் முதுநிலை டிப்ளமோ. தீயணைப்புப் பொறியியலுக்கு நாக்பூரில் தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரி. அமெரிக்காவில் ‘ஹோம்லேண்ட் செக்யூரிட்டி’ என்று சொல்லப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புப் படிப்புகளுக்கு இங்கே நெருங்கி வருவது, 2020-ல் தேசிய முக்கியத்துவம் பெற்ற குஜராத்தின் ராஷ்ட்ரீய ரக்‌ஷா பல்கலைக்கழகம்.

விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே கடலோரப் பேரிடர் மேலாண்மைத் துறை உண்டு. ஆனால் அந்தத் துறை இயங்குவது அந்தமானில், போர்ட் பிளேர் வளாகத்தில். (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) கடல் தாண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். சுனாமி தாக்கிய தீவில் அந்தத் துறை இருப்பதில் நியாயம் இருக்கிறது. கண்டாச்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்வர நினைப்பவருக்குத்தான் உதவாது.

பஸ்ஸில் ஒட்டியிருக்கும் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி, வெளிநாட்டில் வேலை’ போஸ்டர்கள் வேறு கதை. தொழிற்சாலைப் பாதுகாப்பும் ஊர்ப் பேரிடரும் ஒன்றல்ல. சான்றிதழை எந்த அரசு அமைப்பு ஏற்கும் என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

குதிரைச் சங்கத்திலிருந்து வந்தவர்

அமெரிக்காவில் முதல் அவசரகால மேலாண்மை இளநிலைப் பட்டம் 1983-ல் வடக்கு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் வந்தது. ஃபீமா என்ற அவசரகால மேலாண்மை முகமை 1994-ல், கல்லூரிதோறும் இப்படிப் படிப்புகளை வளர்க்கத் தனித் திட்டமே தொடங்கியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு காற்று திசை மாறியது. 2003-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்று பிரமாண்டமான அமைச்சகம் உருவாகி, ஃபீமாவும் அதற்குள் அடங்கிப் போனது. நிதியும் கவனமும் பயங்கரவாதத்தின் பக்கம் சாய்ந்தன. புயலும் வெள்ளமும் பின்வரிசைக்குப் போயின.

2005 ஆகஸ்டில் கத்ரினா சூறாவளி வந்து நியூ ஆர்லியன்ஸ் நகரமே மூழ்கியபோது, ஃபீமாவின் தலைவராக இருந்தவர் மைக்கேல் பிரவுன். அரசுப் பணிக்கு வருவதற்கு முன் அவர் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தது சர்வதேச அரேபியக் குதிரைச் சங்கத்தில். சில நாட்களிலேயே ராஜினாமா செய்தார். இந்த வேலைக்குப் படித்தவர் வேண்டாமா என்ற கேள்வி அங்கே பொதுமக்கள் வாயிலிருந்தே வந்தது இப்படித்தான்.

அவர்களிடம் எடுத்துக்கொள்ள ஒரு நல்ல யோசனை இருக்கிறது. கலிபோர்னியாவின் மான்டரேயில் கடற்படை முதுநிலைக் கல்லூரி நடத்தும் உள்நாட்டுப் பாதுகாப்பு முதுநிலைப் படிப்பில் மாணவர்கள் எல்லோரும் பணியில் இருப்பவர்கள். போலீஸ், தீயணைப்பு, சுகாதாரத் துறை எல்லாம் ஒரே வகுப்பில் உட்காரும். 18 மாதம். இடையிடையே சில வாரம் மட்டும் கல்லூரிக்கு வந்தால் போதும், மற்றதெல்லாம் இணைய வழி. ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்வதோ அவரவர் அலுவலகத்தில் தீராமல் கிடக்கும் பிரச்னையை.

அப்படி ஒரு வகுப்பு இங்கே இருந்தால், திருக்கோவிலூர் தாசில்தாரும் கண்டாச்சிபுரம் தாசில்தாரும் சாத்தனூர் அணைப் பொறியாளரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். வெள்ளம் வரும் ராத்திரியில் ஒருவர் நம்பர் இன்னொருவர் போனில் இருக்கும். இதுவே பாதி பயன்.

ஆற்றங்கரையில் ஒரு பாடத்திட்டம்

விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகள் இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 2011 டிசம்பரில் தானே புயல் புரட்டிப் போட்ட கடலூர் மாவட்டத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் அது. இந்த வட்டாரத்துக்கென ஒரு பட்டம் வருவதானால் அதன் பாடத்திட்டக் குழுவில்தான் பிறக்க வேண்டும்.

வழக்கமான பாணியில் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். முதல் அலகு, பேரிடர் – வரையறை. இரண்டாவது, வகைகள். மூன்றாவது, மேலாண்மைச் சுழற்சி. எல்லாப் பட்டப்படிப்பிலும் சுற்றுச்சூழல் கல்வித் தாளில் ஏற்கெனவே இது ஓர் ஓரமாக இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தும் விடுகிறார்கள்.

அதற்குப் பதில் முதல் பருவம் முழுக்கத் தென்பெண்ணை என்று வைக்கலாம். நந்தி மலையில் புறப்பட்டு, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், திருக்கோவிலூர் அணைக்கட்டு, அங்கிருந்து பிரியும் மலட்டாறு, எல்லீஸ் சத்திரம், கடைசியில் கடலூர். சாத்தனூரில் இத்தனை கன அடி திறந்தால் அரகண்டநல்லூரை எத்தனை மணி நேரத்தில் தொடும், மலட்டாற்றில் எவ்வளவு பிரியும், அரசூருக்கு எப்போது வரும் என்று பழைய பதிவுகளை வைத்து மாணவரே கணக்குப் போட வேண்டும். இதற்குக் கொஞ்சம் கணிதம், கொஞ்சம் புவியியல், நிறைய நடை தேவை.

அடுத்தது தமிழ். ஆமாம், மொழிப்பாடம்தான். ‘1,68,000 கன அடி’ என்ற அறிக்கையை மைக் கட்டிய ஆட்டோவில் சொல்ல நான்கு வரியாக எழுது என்பது தேர்வுக் கேள்வியாகட்டும். எந்தத் தெரு, எத்தனை மணிக்குள், எந்தப் பள்ளிக்கு, எதை எடுத்துக்கொண்டு. காது கேளாதவருக்கு எப்படி? தனியாக இருக்கும் பாட்டிக்கு யார் போய்ச் சொல்வது? ஊரில் கர்ப்பிணிகள் யார், டயாலிசிஸ் போகிறவர் யார் என்ற பட்டியல் கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் துண்டு துண்டாக இருக்கும். அதை மழைக்கு முன்பே ஒன்றாக்கி வைப்பதும் பாடம்.

நிவாரணக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைதாரர்களுக்கு 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. பயிருக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் பேரிடர் நிதி விதிப்படி இழப்பீடு. 33-ஐயும் 30-ஐயும் வயலில் நின்று பிரித்துச் சொல்பவர் யார், எப்படி அளக்கிறார்? வெள்ளம் வடிந்த பிறகு ஊரில் நடக்கும் சண்டையில் பாதி இதில்தான்.

ஆராய்ச்சிக்கும் வெளிநாடு தேட வேண்டியதில்லை. அலையாத்திக் காடு இருந்த இடங்களில் சுனாமி உயிரிழப்பு குறைவு என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மைய ஆய்வாளர்கள் 2005-ல் எழுதினார்கள். அதே தரவுகளை எடுத்து வேறு சிலர், காட்டைவிடக் கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும்தான் காரணம் என்று வாதிட்டார்கள். இரண்டையும் மேஜையில் வைத்து, ‘உன் ஊருக்கு மரம் நடுவதா, வீட்டை மேட்டுக்கு மாற்றுவதா, காரணம் சொல்’ என்று கேட்டால் ஒரு பருவம் சுவாரஸ்யமாகப் போகும்.

இதையெல்லாம்விடச் சின்னதாகத் தெரியும் ஒரு சிக்கல் இருக்கிறது: தேர்வு அட்டவணை. கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவத் தேர்வுகள் நவம்பர், டிசம்பரில் வருகின்றன. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். வெள்ளம் ஊருக்குள் வரும் வாரத்தில், வெள்ளத்தைப் படிக்கிற மாணவர் ஹாலில் உட்கார்ந்து ‘வெள்ளம் – சிறுகுறிப்பு வரைக’ எழுதிக்கொண்டிருப்பார். இந்தப் பட்டத்துக்கு மட்டுமாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை தாலுகா அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் களப்பணி என்று விதி எழுத வேண்டும். தேர்வு பிப்ரவரியில் இருக்கலாம்.

மிச்சம் இருப்பது வேலை. தாலுகாவுக்கு ஒரு பேரிடர் அலுவலர் என்று பதவி உருவாக்கி, அதற்கு இந்தப் படிப்பைத் தகுதியாக அரசாணையில் எழுதாத வரை, மூன்று ஆண்டு இளநிலையாக இதை மட்டும் படிப்பது ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பந்தயம். அதுவரை புவியியல், சிவில், சமூகப்பணி, நர்சிங் என்று கைவசம் வேலை தரும் ஒரு பட்டத்தை முடித்துவிட்டு, முதுநிலையில் இதற்கு வருவது பாதுகாப்பான வழி. எங்கே சேர்வதானாலும் அட்மிஷன் கவுன்டரில் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டத்தின் பெயர் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா? களப்பணி எந்த மாதம், எந்த அலுவலகத்தில்? போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? மூன்றாவதுக்குப் பதிலை வாயால் சொன்னால் போதாது, பட்டியலாகக் கேளுங்கள்.