அனுதாபத் தீர்மானம் போதுமா?

பிப்ரவரி மாதப் பிறப்பு காஞ்சீபுரத்து ஜனங்களுக்குத் துக்கத்தை நினைவூட்டுவது. 1969-ம் வருஷம் அம்மாதம் 3-ந் தேதியன்றுதான் அவ்வூர் பெற்றெடுத்த ஸ்ரீ அண்ணாதுரை காலமானார். அன்று தமிழ்நாடு அழுத அழுகையைக் கண்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 34 வருஷங்கள் கழித்து, அந்த நினைவு நாளுக்கு இரண்டு தினங்கள் முன்னதாக, வேறொரு துக்கச் செய்தி வந்தது. 2003-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி, சனிக்கிழமை. காஞ்சியின் கோயில்களில் தீபம் எரியும் வேளையில், நமது கடிகாரப்படி இரவு 7½ மணி சுமாருக்கு, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்துக்கு மேலே கொலம்பியா என்னும் விண்கலம் சிதறிப் போயிற்று. தரையிறங்க 16 நிமிஷங்களே பாக்கி. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அவர்களில் ஒருவர் இஸ்ரேல் தேசத்தின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன். மற்றொருவர் நமது கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா.

அம்மாது அமெரிக்கப் பிரஜை. அந்நாட்டுச் சர்க்காரின் ஊழியர். ஆயினும் இமயம் முதல் குமரி வரை அவரைத் தம் வீட்டுப் பெண்ணாக எண்ணி ஜனங்கள் கண்ணீர் விட்டனர். 1997-ல் அவர் முதன் முறை வானவெளி சென்று மீண்டபோது அவர் பெயரை அறிந்திருந்தவர் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட வானிலைச் செயற்கைக் கோளுக்கு, விபத்து நிகழ்ந்த நான்காம் நாள், பிரதம மந்திரி ஸ்ரீ வாஜ்பாய் கல்பனா-1 என்று பெயர் சூட்டினார். தமிழ்நாட்டுச் சர்க்காரும் துணிவுள்ள பெண்களுக்கு அவர் பெயரால் விருது ஏற்படுத்தினர். இவை யாவும் முறையானவையே. நாம் குறை கூறவில்லை.

ஆனால் அவர் எதனால் மாண்டார்? ஜனவரி 16-ந் தேதி கலம் கிளம்பிய 82-ம் விநாடியில், வெளிப்புற எரிபொருள் தொட்டியின் மேற்பூச்சிலிருந்து ஏறத்தாழ முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதிற்று. மறுநாளே படச் சுருளில் அது தெரிந்துவிட்டது. இறக்கையைப் படம் பிடித்துச் சோதிக்க வேண்டுமென்று கீழ்நிலையிலிருந்த என்ஜினீயர்கள் மன்றாடினார்கள். மேலதிகாரிகள் இணங்கவில்லை. அஞ்ச வேண்டியதில்லை என்றே கலத்திலிருந்தவர்களுக்கும் செய்தி போயிற்று. திரும்பி வருகையில் அந்தப் பிளவின் வழியே அனல் புகுந்து இறக்கையை உருக்கியது. அவ்வருஷம் ஆகஸ்டில் வெளியான விசாரணை அறிக்கை, நுரைத் துண்டுக்குள்ள பொறுப்பில் குறையாத பங்கு அந்த ஸ்தாபனத்தின் நடைமுறைக்கும் உண்டென்று தயவு தாட்சண்யமின்றிக் கூறிற்று. அறிக்கை முழுவதையும் உலகம் படித்தது. அமெரிக்கர் இறந்தவர்களுக்குச் செய்த மரியாதைகளில் இதையே நாம் முதன்மையானதாகக் கருதுகிறோம்.

காஞ்சீபுரத்துக் கோர்வைத் தறியைப் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். சேலையின் உடலுக்கொரு நிறம், கரைக்கொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர், பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தரும் துணையாள் ஒருவர், வயதிலும் கூலியிலும் சிறியவர். தம் பக்கத்து இழை அறுந்ததை அவர்தான் முதலில் காண்பார். அவர் சொன்ன மாத்திரத்தில் தறி நிற்கும். "சின்னவனுக்கு என்ன தெரியும்?" என்று நெசவாளி மேலே அடித்துக் கொண்டு போனால், கரை பிளந்த சேலைதான் மிஞ்சும். (பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய குழந்தைகளை முன்பணத்துக்கு ஈடாக அந்த இடத்தில் உட்கார வைத்த கொடுமையும் அவ்வூரில் இருந்ததுண்டு. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் 2004-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி, ராக்கெட்டுக்கான திண்ம எரிபொருள் ஆலையில் தீப்பற்றி ஆறு பேர் உயிரிழந்தனர். கல்பனா மறைந்து ஓராண்டும் சில வாரங்களுமே ஆகியிருந்தன. அவர்களும் வானவெளி முயற்சிக்கே உயிர் கொடுத்தவர்கள். நமது மண்ணில், நமது ராக்கெட்டுக்காகக் கொடுத்தவர்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் பெயரையேனும் சொல்லக் கூடியவர் இன்று நமது தெருக்களில் யார்? நட்சத்திரங்களுக்கிடையே மாண்டவருக்கு ஒரு துக்கம், கொட்டகையில் வெந்தவருக்கு வேறொரு துக்கமா?

நல்ல அறிகுறியும் ஒன்று உண்டு. 2025 ஜூனில் ஸ்ரீ சுபான்ஷு சுக்லா ஏறவிருந்த அமெரிக்க ராக்கெட்டில் திரவப் பிராணவாயுக் கசிவு காணப்பட்டது. பழுதை முற்றிலும் தீர்த்தாலொழியப் புறப்படலாகாது என்று நமது விண்வெளி ஸ்தாபனத் தலைவரான கன்னியாகுமரி ஜில்லாக்காரர் ஸ்ரீ வி. நாராயணனும் அவரது குழுவினரும் உறுதியாக நின்றனர். 11-ந் தேதிப் பயணம் 25-ந் தேதிக்குப் போயிற்று. சுக்லா சுகமாகத் திரும்பினார். அந்தப் பிடிவாதத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

தலைவர் உறுதியுள்ளவராக வாய்த்தால் மட்டும் நடக்கும் காரியமாக இது இருத்தல் கூடாது. ககன்யான் திட்டப்படி இந்தியர்களை இந்திய வாகனத்திலேயே வானுக்கு அனுப்ப நமது தேசம் முனைந்திருக்கிறது. முதல் வீரர் அதில் காலெடுத்து வைக்கு முன்பே, ஆலையில் கடைநிலைத் தொழிலாளியும் "நிறுத்து" என்று சொல்ல உரிமை வேண்டும். அச்சொல் எழுத்தில் பதிவாக வேண்டும். விபத்து விசாரணை அறிக்கை எதுவாயினும் பார்லிமெண்டின் மேஜை மீது வைக்கப்பட வேண்டும். இதற்குச் சட்டம் செய்யுமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம். காஞ்சீபுரம் தொகுதி அங்கத்தினர் இப்பிரச்னையைச் சபையில் கிளப்ப முன்வருவாராக. அவர் கேட்கும் முதற் கேள்வி 2004-ம் வருஷத்து ஆறு பேரைப் பற்றியதாக இருக்கட்டும்.