அறிவுரைகளைத் தின்று உடல் வளராது

ஆண்டுதோறும் கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் நாளிதழ்களின் இணைப்புகளில் ஒரு கட்டுரை தவறாமல் இடம்பெறும். மாணவர்கள் உடல்நலத்தைப் பேண வேண்டும் என்பது அதன் சாரம். இரவே ஊறவைத்த பாதாம், காலையில் ஓட்ஸ் கஞ்சி, பதினோரு மணிக்குப் பழத்துண்டுகள், மாலையில் ஒரு மணிநேர உடற்பயிற்சி, எட்டு மணிநேரத் தூக்கம் என்று அட்டவணை நீளும். இறுதியில் ஒரு கண்டிப்பு: இன்றைய இளைஞர்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை, நாக்குக்கு அடிமையாகிவிட்டார்கள். இந்த அறிவுரை யாருக்காக எழுதப்படுகிறது என்று கேட்பதே எங்கள் நோக்கம். இலக்கியம் பேசுவோருக்குச் சோற்றுக்கணக்கு எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அந்தப் பத்துக் குறள்களில் பெரும்பாலானவை பசியையும் உணவின் அளவையும் பற்றியவையே.

எங்கள் வாதம் எளியது. கல்லூரி மாணவரின் உடல்நலத்தை அவருடைய மன உறுதியைக் காட்டிலும் நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. விடுதிச் சமையலறையின் வரவுசெலவு, வகுப்பு தொடங்கும் நேரம், பேருந்து புறப்படும் நேரம், விளையாட்டுத் திடலின் பூட்டு ஆகியவையே அவை. இந்நான்கில் ஒன்றுகூட மாணவர் கையில் இல்லை. தம் கையில் இல்லாதவற்றுக்காக ஒருவரைக் குற்றம் சாட்டுவது அறமன்று.

அரசுக் கலைக்கல்லூரி ஒன்றில் முதல் சுழற்சியில் படிக்கும் கிராமத்து மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். எட்டரை மணிக்கோ ஒன்பது மணிக்கோ வகுப்பு என்றால், அவள் ஊரிலிருந்து வரும் பேருந்து ஆறரைக்கே புறப்பட்டுவிடும். அந்நேரத்தில் வீட்டில் அடுப்பு பற்றியிருந்தால் அது அவளே பற்றவைத்ததாக இருக்கும். ஒரு குவளைத் தேநீருடன் கிளம்புகிறாள். இடைவேளையில் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பப்ஸோ சமோசாவோ தின்கிறாள். வகுப்பு முடிந்து பேருந்துக்குக் காத்திருந்து வீடு சேர்ந்தபின் மூன்று மணிக்குத்தான் சோறு. இவளிடம் போய்க் காலை உணவைத் தவிர்க்காதீர் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? அவள் எதையும் தவிர்க்கவில்லை. கால அட்டவணைதான் அவளைத் தவிர்த்துவிட்டது.

இதே மாணவி பள்ளிக் குழந்தையாக இருந்தபோது அரசு இவளை இப்படிப் பட்டினி போடவில்லை என்பதையும் நினைவுகூர வேண்டும். 1956இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாயிற்று. பின்னர் பத்தாம் வகுப்புவரை நீண்டது, முட்டையும் சேர்ந்தது. 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவும் தொடங்கியது. பசித்த வயிற்றில் கல்வி ஏறாது என்பதை இந்த மண் நன்கு அறிந்திருக்கிறது. ஆனால் பதினேழு வயதைத் தாண்டியதும் பசி நின்றுவிடும் என்று எந்த மருத்துவ நூலில் எழுதியிருக்கிறது? புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின்வழி மாதம் ஆயிரம் ரூபாய் தரப்படுவதை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும் அத்தொகை தேர்வுக்கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டுக்கடனுக்கும் போனபின் தட்டுக்கு வந்து சேர்வது அரிது. சமைத்த உணவு வேறு, பணம் வேறு.

விடுதிக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள் 2,000 கலோரிக்கான ஒருநாள் தட்டை இவ்வாறு வகுக்கின்றன: தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், பால் 300 மில்லி, கொஞ்சம் கொட்டைகள், எண்ணெய். இனி நாங்கள் உண்ட விடுதித் தட்டைச் சொல்கிறோம். மலையாகச் சோறு, அதன்மேல் ஓடும் சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு அகப்பட்டவன் அதை மேசையில் உள்ள அனைவருக்கும் காட்டிவிட்டுத்தான் தின்பான். பழம் என்பது காய்ச்சல் கண்டவனைப் பார்க்க வரும் தாயார் கொண்டுவருவது. தட்டின் விகிதம் தலைகீழாக இருந்தது. அதைத் தலைகீழாக்கியவர்கள் நாங்கள் அல்லர்.

சமையற்காரரும் அல்லர் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழக அரசு விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான மாத உணவுத்தொகை 2023இல்தான் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்தியபின்னும் அது நாளொன்றுக்கு 50 ரூபாய், வேளைக்கு 17 ரூபாய்கூட இல்லை. அரிசி தனி என்றே வைத்துக்கொண்டாலும், மீதமுள்ளவற்றை இத்தொகையில் வாங்கி 400 கிராம் காய்கறியைத் தட்டில் வைக்க அமுதசுரபிதான் வேண்டும். இந்த விடுதிகளில் தங்குவோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் முதல் பட்டதாரிகள். நாளிதழ்க் கட்டுரையின் நான்கு பாதாம் இவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது.

தனியார் கல்லூரிகளின் கதை வேறு. அங்கே பணம் இருக்கிறது, கணக்கு இல்லை. விடுதிக் கட்டணத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். அதில் எவ்வளவு உணவுக்குப் போகிறது என்று கேட்கும் மாணவன் ஒழுங்கற்றவன் ஆகிறான். எங்களில் ஒருவர் அப்படிக் கேட்டதற்காகத் தந்தையை அழைத்துவரும்படி பணிக்கப்பட்டவர். தந்தை வந்தார், மன்னிப்புக் கேட்டார், ஊருக்குத் திரும்பும்முன் மகனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கித் தந்துவிட்டுப் போனார்.

இனி உடற்பயிற்சி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்பது வயதுவந்தோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. நாம் மேலே கண்ட மாணவி பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தே இதில் பெரும்பகுதியை முடித்துவிடுகிறாள். அவளுக்கு இல்லாதது இரத்தம். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். படியேறும்போது மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று பெயரிட்டுக் கடந்துபோகும் ஆசிரியர்களை நாங்கள் அறிவோம்.

விடுதி மாணவிக்கோ நடக்கவும் இடமில்லை. பல மகளிர் விடுதிகளின் கதவு மாலை ஆறு, ஆறரைக்கு மூடப்படுகிறது. நம் ஊரில் வெயில் தணிந்து திடலில் இறங்கத்தக்க நேரமும் அதுதான். திடல் ஆண்களுடையது, மொட்டைமாடி பூட்டியது, எஞ்சுவது தாழ்வாரம். 2015இல் டெல்லியில் மாணவியர் கூண்டை உடைப்போம் என்ற பெயரில் இயக்கம் தொடங்கியபோது அதை ஊர்சுற்றும் உரிமைக்கான கூச்சல் என்று பலர் ஏளனம் செய்தனர். காலை வீசி நடக்கும் உரிமையும் அதற்குள் இருந்தது என்பதை அவர்கள் காணவில்லை.

அதிகாரத்தில் உள்ளோர் இதற்கு என்ன செய்தார்கள்? பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வளாகங்களில் நொறுக்குத்தீனி விற்பதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2018இல் மீண்டும் நினைவூட்டியது. நோக்கம் நல்லதே. ஆனால் பப்ஸை அகற்றிய இடத்தில் எதை வைப்பது, அதற்கு யார் பணம் தருவது என்பதல்லவா கேள்வி? விலக்குவதற்குச் சுற்றறிக்கை போதும், வழங்குவதற்கு அடுப்பு வேண்டும்.

எங்கள் இனத்தாரையும் விட்டுவைக்க நாங்கள் விரும்பவில்லை. இலக்கிய மாணவன் என்றால் தேநீர், சிகரெட், விடியும்வரை விவாதம், மெலிந்த தோள் என்று ஒரு வேடம் நம்மிடையே இருக்கிறது. உடம்பைப் பேணுபவன் மூளையற்றவன் என்ற இளக்காரமும் உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் 42 வயதில் காசநோயால் இறந்தார். அது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு. அதைக் கலைஞனின் இலச்சினையாகச் சட்டையில் குத்திக்கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மறுமுனையில், கண்ணாடிமுன் நின்று டப்பாவில் அடைத்த புரதப்பொடியைக் கரைத்துக் குடிக்கும் கூட்டம் வளர்ந்திருக்கிறது. முன்சொன்ன நெறிமுறைகளே அப்பொடிகளைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது, நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் இருபத்தைந்து கிராம். இவற்றைப் பெற உடற்பயிற்சிக்கூடத்தின் விற்பனையாளர் தேவையில்லை.

அப்படியானால் மாணவருக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பார்கள். உண்டு, மறுக்கவில்லை. கையில் இருக்கும் பத்து இருபது ரூபாயைக் குளிர்பானத்துக்குத் தராமல் சுண்டலுக்கோ கடலைக்கோ வாழைப்பழத்துக்கோ தரலாம். சோற்றோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால் இரண்டுக்கும் ஒரு மணிநேரம் இடைவெளி விடலாம். அந்த இடத்தில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் அது கூடும். தண்டால் எடுக்க ஆறடித் தரை போதும். கைப்பேசியை நள்ளிரவுக்குமுன் கீழே வைப்பதும் அவரவர் கையில்தான். இவை அனைத்தையும் செய்தபின்னும் வேளைக்கு 17 ரூபாய் என்பது 17 ரூபாயாகவே இருக்கும்.

ஆகவே மாணவர்களின் தலையாய பொறுப்பு தனித்தனியே பத்தியம் இருப்பதன்று, சேர்ந்து கேட்பது என்று நாங்கள் கருதுகிறோம். விடுதியின் உணவுக்குழுவில் மாணவர் இருக்க வேண்டும், மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். நாளும் ஒரு முட்டை, சைவ உணவினருக்கு அதற்கீடான பயறு, ஒரு பழம். முதல் சுழற்சி மாணவர்க்குக் கல்லூரியிலேயே காலை உணவு. மாலை ஆறு முதல் எட்டுவரை விளக்கெரியும் திடலில் மாணவியர்க்கும் இடம். ஆண்டுக்கொருமுறை இரத்தப் பரிசோதனை. இவற்றில் எதுவும் ஆடம்பரமன்று. பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் சமைத்துப் போடத் தெரிந்த மாநிலத்துக்கு இது இயலாததும் அன்று.

அடுத்த கல்வியாண்டிலும் அந்தக் கட்டுரை வரும். எழுதுவோரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அட்டவணை போடும்முன் ஏதேனும் ஓர் அரசு விடுதியின் சமையலறையில் ஒரு காலைப்பொழுது நின்று, எத்தனை பேருக்கு எத்தனை கிலோ காய் நறுக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.